விற்ற மனையில் கட்டிய வீடு

25 ஜூன் 2023, ஞாயிறு

காலையில் காபி ஆறுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. சமையலறை அக்கினி மூலையில்தான் வரவேண்டும் என்றேன். அங்கே மாடிப்படி வருகிறது, எத்தனை தடவை சொல்வது என்றார் என் கணவர். பீரோவிலிருந்து 1998இல் போட்ட வீட்டு வரைபடம் வெளியே வந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்புறம் மாத்திரைக் கடைக் காகிதம் ஒட்டிய வரைபடம். அரைமணி நேரம் கத்தினோம். பிறகு அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நான் கீரை ஆய உட்கார்ந்தேன்.

வடலூரில் அந்த வீடு வர வேண்டிய மனையை 2015இல், மகள் கல்யாணத்துக்காக விற்றாகிவிட்டது. அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எட்டு வருடமாக இல்லாத மனையில் சமையலறையை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

27 ஜூன், செவ்வாய்

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை இரண்டு முறை படித்தேன். அந்த வழக்கில், கணவர் சவூதியில் 1983 முதல் 1994 வரை வேலை பார்த்தவர். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தவர். திரும்பி வந்தவர், மனைவி பெயரில் வாங்கிய சொத்தெல்லாம் தன் சம்பாத்தியம் என்று வழக்குப் போட்டார். வழக்கு இத்தனை வருடம் இழுத்து, கணவர் இறந்து, பிள்ளைகள் நடத்தி, இந்த மாதம் 21ஆம் தேதி நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொண்டவளின் உழைப்பும் சேர்ந்துதான் அந்தச் சொத்து, அவளுக்கும் சரிபாதி உண்டு என்று. கணவனுக்கு எட்டு மணி நேர வேலை, இவளுக்கு நாள் முழுக்க வேலை என்பதையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

வடலூர் மனை வாங்க என் எட்டுப் பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. மீட்கவில்லை. பத்திரம் அவர் பெயரில். விற்கும்போது என் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. 'வித்துட்டேன்' என்று அவரும் சொல்லவில்லை. கல்யாணச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் சங்கிலிக் கதை வரும், அவர் தலை குனிய வேண்டிவரும். அந்தக் கணக்கைத் தீர்க்காமல் வைத்திருப்பதில் எனக்கு ஒரு பிடி இருந்தது. சம்பளம் அவர் கையில், இந்தப் பிடி என் கையில்.

அவர் சேர்த்த வலிமை பாஸ்புக்கில் இருந்தது. நான் சேர்த்தது மௌனத்தில். 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு' என்று மகளைத் தூது விட்டே அவள் பள்ளிப் படிப்பு முடிந்தது. ஒரே கூடத்தில் மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருப்பார், அவள்தான் வந்து சொல்வாள். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இரண்டு பேரும் செய்த அநியாயம் இது. இதில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு. அதை எந்த நீதிமன்றமும் எழுதித்தர வேண்டாம்.

28 ஜூன், புதன்

அவர் ஓய்வுக்கு முந்தைய கடைசி ராத்திரி ஷிப்டுக்குப் போயிருக்கிறார். தூக்கம் வரவில்லை.

அவருக்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பம்பு வேலை. கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் நீளமாகப் பேசியது அதைப் பற்றித்தான். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. மேலே இருக்கும் மண்ணை எடுக்க எடுக்கப் பாரம் குறைந்து, அந்தத் தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு ராப்பகல் இறைக்க வேண்டும். 1961இல் முதன்முதலாக நிலக்கரியைத் தொட்டதே தண்ணீரை அடக்கிய பிறகுதான். சுரங்கம் உள்ளவரை பம்பை நிறுத்த முடியாது என்றார். எனக்கு அன்றைக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது, அவரும்தான்.

வடலூர் வீட்டுப் பேச்சு எங்களுக்கு அந்தப் பம்பைப் போல ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாடிப்படிக்காகச் சண்டை போடும்போதாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மற்றபடி முப்பத்திரண்டு வருடத்தில் பேச என்ன மிச்சம்?

பிரிந்திருக்கலாமே என்று தங்கை ஒருமுறை கேட்டாள். மீட்க முடியாமல் முறிந்த திருமணத்தைத் தன் சிறப்பு அதிகாரத்தால் முடித்துவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் இந்த மே 1ஆம் தேதிதான் சொல்லியிருக்கிறது. திருமணச் சட்டத்தில் அப்படியொரு காரணம் இன்னும் இல்லை. சட்டம் கேட்கும் குற்றம் எதையும் அவர் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. எங்களுடையது வேறு வகை நோய்.

30 ஜூன், வெள்ளி

மாலையும் சால்வையுமாக அவரை ஷிப்டு ஆட்கள் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். கேசரி கொடுத்தேன். "குவார்ட்டர்ஸை விட்டதும் வடலூர்தானே? எப்போ பூமி பூசை?" என்று ஒருவர் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வழக்கமாக 'தை பொறந்ததும்' என்பது என் பதில்.

"அந்த மனையை வித்துட்டோம் அண்ணே, எட்டு வருஷமாச்சு" என்றேன்.

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். எல்லாரும் போன பிறகு, "நாலு பேர் முன்னாடியா சொல்றது?" என்றார்.

"நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கையில சொல்ல எனக்குத் தைரியம் வரலீங்க" என்றேன்.

வெகுநேரம் கழித்து, "சங்கிலிய மீட்டிருக்கணும்" என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் தானாக ஒப்புக்கொண்ட முதல் தவறு. எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அழுகை வந்தது.

3 ஜூலை, திங்கள்

பாங்கில் கூட்டம். ஓய்வுப் பணம் வரும் கணக்கில் என் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தேன். மறுப்பார் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டார். எனக்குக் கை நடுங்கிக் கையெழுத்து கோணலாக விழுந்தது.

இதைப் படிக்கும் பெண்களே, வீட்டுப் பத்திரத்திலும் பாங்குக் கணக்கிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். என்னைப் போல எட்டு வருடம் மாடிப்படியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.