நல்லவளும் பிராவாவும்

புத்தளம் மாவட்டத்தின் தென்கரையிலுள்ள வென்னப்புவையைச் ‘சின்ன இத்தாலி’ என்பர். அங்கிருந்து இத்தாலி சென்றோர் பலர். முதியோரைப் பராமரித்தலும் வீட்டுவேலையுமே அவருட் பலர்க்கு வாய்த்த தொழில்கள். அம்மொழி பயில்வோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொல் ‘பிராவோ’. அரங்கிலே கைதட்டலோடு எழும் ஒலியாகவே உலகம் அதனை அறியும்; இத்தாலியர்க்கோ அஃது அன்றாடப் பெயரடை. ஆணுக்குப் பிராவோ, பெண்ணுக்குப் பிராவா, பலராயின் பிராவி, பெண்கள் மட்டுமெனின் பிராவே. தமிழின் ‘நல்ல’ இவ்வாறு திரிவதில்லை. ஆயினும் பயனிலையாகுங்கால் நல்லவன், நல்லவள், நல்லவர் என அதுவும் பால் காட்டுமாதலின், தமிழ் மாணவர் இதற்கு அஞ்சவேண்டியதில்லை.

இடர் பொருளிலேதான். ‘நல்ல சமையற்காரி’ என்றால் கைத்திறனா, குணமா என்பதைத் தமிழிற் சூழலே உணர்த்தும். இத்தாலிய மொழியிலோ சொல் நிற்கும் இடமும் உணர்த்தும். பெண் எனப் பொருள்படும் ‘தொன்னா’வுக்குப் பின் வரின் பிராவா திறமைசாலி, முன் வந்து ‘பிராவா தொன்னா’ ஆயின் நேர்மையுள்ளவள். (தொழிலாற் பெற்ற பெயர்களின் முன் இவ்வேறுபாடு நில்லாது.) சூப்பைச் சுவைத்த மூதாட்டி ‘பிராவா’ எனத் தனித்துக் கூறின், அது கைத்திறனுக்கான மெச்சுதலே. வீட்டுச் சாவியை ஒப்படைக்கக் கருதுவோர் அயலாரிடம் விசாரிப்பது முன் நிற்கும் பிராவாவைப் பற்றி.