முப்பது படிகளும் ஒரு ராஜி மனுவும்

முதலில் வந்தவர் மகள்தான். தேன்கனிக்கோட்டை கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கையில் செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலோடு காத்திருந்தார். "அம்மா தம்பிக்கு எழுதிக் குடுத்தத ரத்து பண்ணணும் சார். அம்மாவ அவன் மாடியில அடைச்சு வெச்சிருக்கான்" என்றார். 2023ஆம் வருடம் அது. முதியோர் வழக்குகளில் இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். சோறு போடவில்லை, அடித்தான், நகையைப் பிடுங்கினான் என்று அடுத்தடுத்து வரும். இவரிடம் அப்படி எதுவும் வரவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு உண்டு, மருமகள் மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கிறாள் என்று அவரே சொன்னார். பிறகு என்னதான் புகார் என்று நேரில் போய்ப் பார்த்தேன்.

பேட்டராய சுவாமி கோயில் பக்கத்துத் தெரு. அங்கே முன்பு ஓட்டு வீடு இருந்தது, தெருவிலிருந்து ஒரே படி, ஏறினால் திண்ணை. கணவர் போன பிறகு அம்மா அதை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மகன் இடித்துவிட்டுக் கட்டினார். கீழே கடை, முதல் மாடியில் ஓசூர் கம்பெனிகளுக்குப் போய்வரும் பையன்களுக்கு ரூம், இரண்டாம் மாடியில் குடும்பம். இங்கே இப்போது எல்லோரும் கட்டும் வீடு இதுதான். டிவிஎஸ், லேலண்ட், டைட்டன் என்று ஓசூரோடு நின்றிருந்த வேலை, கெலமங்கலம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வரைக்கும் வந்துவிட்டது. கீழ்த்தளம் என்பது வாடகை. வாடகை என்பது பேங்க் தவணை. ஆகவே வீட்டுக்காரன் மேலே போவான், அவனோடு அவன் அம்மாவும் மேலே போவார்.

மாடிக்கு முப்பது படி. நானே மூச்சு வாங்கித்தான் ஏறினேன். கூட வந்த மேஸ்திரி டேப்பை வைத்துப் பார்த்து, "ஒவ்வொரு படியும் ஒம்போது இஞ்சு சார்" என்றார். கடைக்கு இடம் குறையக் கூடாது என்று மாடிப்படியைச் செங்குத்தாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் எஸ்எஸ் பைப் கைப்பிடி. திருப்பத்தில் மட்டும் அந்தப் பைப்பும் இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முட்டியும் தேய்ந்தவை. எட்டு மாதமாகக் கீழே இறங்கவில்லை.

அறையில் ஏசி இருந்தது. தேன்கனிக்கோட்டையில் ஏசி எதற்கு என்பது வேறு வழக்கு. டிவி, நல்ல கட்டில், சுத்தமான விரிப்பு. அம்மா தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில் பேசினார். "பத்திரமெல்லாம் அவன்கிட்டயே இருக்கட்டும் சார். அவன் என்ன தப்பு பண்ணான்? எனக்குக் கீழ ஒரு ரூம் வேணும். காலையில வெளிய வந்து ஒக்காரணும். அவ்ளோதான்."

மகள் முகம் சுருங்கிவிட்டது. யார் என் கட்சிக்காரர் என்பதை அந்த இடத்திலேயே நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முதியோர் வழக்கில் வக்கீலுக்கு வரும் முதல் சோதனை அது. கேட்டுக்கொண்டு வருபவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் இன்னொருவர்.

கட்டட விதியை மீறியிருக்கிறாரா என்றுதான் முதலில் தேடினேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 குடியிருப்பு மாடிப்படியில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது, அதாவது ஏழரை அங்குலம். ஒன்பது அங்குலம் கிட்டத்தட்ட 229 மில்லிமீட்டர். அதே தொகுப்பில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி இணைப்பே உண்டு. சாய்தளம் எப்படி, கதவு எவ்வளவு அகலம், கழிவறையில் கைப்பிடிக் கம்பி எங்கே என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் அது முன்மாதிரித் தொகுப்பு, மாநில விதிக்குள் வந்தால்தான் பல் முளைக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. சாய்தளம், கைப்பிடி என்று அவை கவலைப்படுவது பெரும்பாலும் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களைப் பற்றித்தான். ஒருவர் தன் அம்மாவோடு குடியிருக்கக் கட்டும் வீட்டில் கைப்பிடி எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அணுகல் விதிக்கு ஒத்துப்போகாத வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று கண்டிப்பாகத்தான் பேசுகிறது. அதுவும் 'நிறுவனம்' கட்டும் கட்டடத்தைப் பற்றித்தான். வீடு நிறுவனம் அல்ல.

இங்கிலாந்தில் 1999இலேயே, புதிதாகக் கட்டும் எந்த வீடானாலும் வாசல் மட்டத்தில் ஒரு கழிவறையும் சக்கர நாற்காலி நுழையும் வாசலும் இருக்க வேண்டும் என்று கட்டட விதியில் எழுதிவிட்டார்கள். சிங்கப்பூரில் 2012இலிருந்து, அரசு அடுக்குமாடியில் குடியிருக்கும் முதியவரின் குளியலறையில் கம்பி மாட்டவும் வழுக்காத தரை போடவும் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. நம் தாத்தா பாட்டிகளின் வீட்டுக்குத் திண்ணை இருந்தது, விதி தேவைப்படவில்லை. திண்ணையை இடித்தபோது விதி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாடிப்படி அளவையும் வரைபடத்தையும் ஒப்பிட்டு உள்ளாட்சிக்குப் புகார் போடலாமே என்று என் ஜூனியர் சொன்னார். போடலாம். கட்டடத்துக்கு நோட்டீஸ் வந்து, சீல் என்று பேச்சு வந்தால், முதலில் தெருவுக்கு வருபவர் அம்மாதான். அவர் கேட்டது தெருப் பக்கம் உட்கார ஓர் இடம். தெருவையே கேட்கவில்லை.

பத்திரத்தை ரத்து செய்யும் வழியும் அப்போது அவ்வளவு நேராக இல்லை. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்த வழி உண்டு. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுதேஷ் சிக்காரா வழக்கில், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று சொல்லியிருந்தது. எங்கள் பத்திரத்தில் இருந்ததெல்லாம், பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக எழுதிவரும் 'அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்' மட்டுமே. தவிர, இந்த மகன் கைவிட்டார் என்று எந்த வாயால் வாதிடுவது?

மிச்சம் இருந்தது பராமரிப்பு மனு. சட்டத்தின் 2ஆம் பிரிவு பராமரிப்பு என்பதற்குள் உணவு, உடை, மருத்துவத்தோடு இருப்பிடத்தையும் சேர்க்கிறது. 4ஆம் பிரிவு, பெற்றோர் இயல்பான வாழ்க்கை நடத்தும் அளவுக்கு அவர்களின் தேவைகளைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்கிறது. எட்டு மாதமாகத் தரையை மிதிக்காத ஒருவர் வாழ்வது இயல்பான வாழ்க்கை அல்ல. மனுவின் சாரம் அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கத்தில் முடித்தேன். மகனைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு.

தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குத் தீர்ப்பாயம் ஓசூரில், சார் ஆட்சியர்தான் தலைவர். விசாரணை நாளன்று அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முதல் மாடி ரூம் பையன்கள் இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். ஒருவன் ஒடிசா, இன்னொருவன் தர்மபுரி. திருப்பத்தில் நாற்காலியைச் சாய்த்துத்தான் திருப்ப முடிந்தது. அம்மா இரு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மகன் பின்னாலேயே செருப்பும் பையுமாக வந்தார். மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே காரில் ஓசூர் போன வழக்கு என் அனுபவத்தில் இது ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வக்கீல் ஆஜராவதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவு செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லியிருந்தாலும் நான் அதை வைத்துக் கதவைத் தட்டவில்லை. வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே நடந்ததை அம்மாவும் மகனும் சொல்லித்தான் தெரியும்.

உள்ளே மகன் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். "மாசம் பத்தாயிரம் குடுத்துடறேன் சார், இன்னிக்கே எழுதிக்கிங்க." 9ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய உச்சத் தொகையே பத்தாயிரம்தான். அதற்கு மேல் சட்டத்தால் கொடுக்க முடியாது, அந்த உச்சத்தை எதிராளி தானாகவே கொடுக்கிறார். காகிதத்தில் நாங்கள் முழு வெற்றி. அம்மா கேட்டாராம்: "அந்தப் பணத்த மேல வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

அந்த ஒரு கேள்வி விஷயத்தைச் சமரச அலுவலரிடம் கொண்டுபோனது. பலரும் கவனிக்காத நல்ல பிரிவு 6. விசாரணைக்கு முன்பே சமரசத்துக்கு அனுப்பலாம், சமரசம் ஏற்பட்டால் அதையே தீர்ப்பாயம் உத்தரவாக்கும். தீர்ப்பாயம் தானாகப் போடும் உத்தரவு மாதத் தொகைதான். சமரசத்தில் அந்த வேலி இல்லை. கமோடு உயரத்தைக்கூட எழுதலாம். எழுதினோம்.

கடைக்காரர் காலி செய்ய மாட்டார், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கவும் மகனிடம் பணம் இல்லை. மேஸ்திரிதான் வழி கண்டுபிடித்தார். கடையின் பின்பாதி குடோன், அட்டைப்பெட்டிகள் போடும் இடம். அதற்குப் பின்சந்துப் பக்கம் ஒரு ஷட்டர் உண்டு. நம் ஊர் மேடு பள்ளமான ஊர் இல்லையா, முன் தெருவில் தரைமட்டம் இரண்டரை அடி உயரம், பின்சந்தில் நான்கே அங்குலம். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு, ஓர் அங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குல நீளம். முன்பக்கம் போட்டால் முப்பது அடி வேண்டும், மனையின் அகலமே இருபத்து நான்கு. தெருவில் நீட்டினால் ஆக்கிரமிப்பு. பைக் ஏற்றுவதற்காக நம் தெருக்களில் செங்குத்தாக நீட்டிக் கிடக்கும் சிமெண்ட் சரிவுகளில் எந்தக் கிழவியும் ஏற முடியாது. பின்பக்கம் நான்கடி போதும், அதையும் குடோனுக்குள்ளேயே அடக்கிவிடலாம். செப்டிக் டேங்க்கும் அந்தப் பக்கமே இருந்தது அதிர்ஷ்டம்.

ராஜி மனுவுக்கு மேஸ்திரி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஷட்டரை எடுத்துவிட்டு மூன்றடி மரக்கதவு, நிலைப்படி இல்லாமல். குளியலறைக் கதவும் மூன்றடி, அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி. மேலே போட்டது போன்ற வழவழ டைல்ஸ் கூடாது, சொரசொரப்பானது. குளியலறைத் தரையை இறக்கக் கூடாது, தண்ணீருக்குச் சரிவு மட்டும். ஈரம் படாத இடத்தில் கட்டில், கையெட்டும் தூரத்தில் சுவிட்ச், பக்கத்தில் அழைப்பு மணி, அதன் சத்தம் இரண்டாம் மாடியில் கேட்க வேண்டும். மணியைச் சேர்க்கச் சொன்னது மருமகள். ராத்திரியில் அத்தை கூப்பிட்டால் கேட்காதே என்பதுதான் அவர் பயமாம். அதுவரை யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஒரு நபருக்காக, ஒரு வீட்டுக்காக எழுதிய கட்டட விதி என்று அதைச் சொல்லலாம். வரைபடத்தை இணைத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், உத்தரவானது.

கட்டி முடித்த முதல் வாரமே கமோடு பக்கத்துக் கம்பி கையோடு வந்துவிட்டது. ஹாலோ பிளாக் சுவர், உள்ளே வெறும் பொந்து, பூச்சில் அடித்த திருகு எப்படித் தாங்கும்? நல்லவேளை, முதலில் பிடித்து இழுத்துப் பார்த்தவர் மகன். பிறகு சுவரைக் குடைந்து கான்கிரீட் நிரப்பி, மறுபக்கம் வரை போல்ட் போட்டார்கள். ராஜி மனுவில் 'கைப்பிடிக் கம்பி பொருத்தித் தர வேண்டும்' என்று மட்டும் இருந்தது. ஆள் எடை தாங்க வேண்டும் என்று இப்போதெல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

அம்மா கீழே வந்த பிறகு சந்தே அவர் வசமாகிவிட்டது என்று மகன் புகார் மாதிரி சொன்னார். கீரை விற்பவரிலிருந்து கடைப் பையன் வரை எல்லோருக்கும் அவர்தான் அவ்வா.

மகளுக்கு மட்டும் சமாதானமில்லை. 2025இல் மறுபடி வந்தார், கையில் பேப்பர் கட்டிங். அந்த வருடம் ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஊர்மிளா தீட்சித் வழக்கில் 23ஆம் பிரிவை முதியோருக்குச் சாதகமாக விரித்துப் படித்திருந்தது. சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றமும், அன்பும் பாசமும் என்று எழுதியிருந்தாலே பராமரிப்பு நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னது. "இப்ப ரத்து பண்ணலாம்தானே?" என்றார். சட்டப்படி இன்று எளிது, ஆனால் உங்கள் அம்மாவுக்குக் குறை எதுவும் இல்லையே என்றேன். அந்தப் பதிலுக்கு நான் ஃபீஸ் வாங்கவில்லை, அவரும் நன்றி சொல்லவில்லை.

இதற்கிடையில் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த மத்திய விதி 15 செல்லாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் எழுதுங்கள் என்றது. பெரிய தீர்ப்பு. ஆனால் வீட்டு வாசலோடு அதுவும் நின்றுவிடும். அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறை வந்தது. இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. வீடு கட்டுகிறவனை அலைய வைக்காத நல்ல ஏற்பாடு, நான் எதிர்ப்பவன் அல்ல. 'இந்த வீட்டில் அறுபது வயது தாண்டியவர் யாராவது இருக்கிறாரா?' என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

அதுவரை பத்திரத்தில்தான் வேலை. பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க வருகிறவர்களிடம் ஒரு பாராவைச் சேர்க்கச் சொல்கிறேன். வீட்டை இடித்துக் கட்டினாலும் தரைத்தளத்தில் ஒரு அறையும், அதோடு ஒட்டிய குளியலறையும் என் ஆயுள்வரை எனக்கு, அளவு இணைப்பில் கண்டபடி. பத்திர எழுத்தர் ஒருவர் இதை வாங்கி வைத்துக்கொண்டு தனியாக ஐநூறு ரூபாய் சேர்த்து வாங்குகிறார் என்று கேள்வி. வாங்கட்டும். போன மாதம் தளி ரோட்டுப் பெரியவர் ஒருவர் அந்தப் பாரா வரை படித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். நெடுக்காக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, "இதெல்லாம் எழுதுனா பையன் மனசு சங்கடப்படும் சார்" என்றார். இன்னொரு பிரதி எடுக்கச் சொல்லி ஜூனியரை அனுப்பினேன்.