உயிர்க் காலேஜ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அது முழு உண்மையன்று. எனக்கு முன்பே என் தாத்தா ஒரு காலேஜுக்குப் போய் வந்திருக்கிறார்!

சென்னையில் அந்தக் காலத்தில் இரண்டு காலேஜுகள் பேர் பெற்றவை. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் அங்கே இருந்ததால் அந்தப் பெயர். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த விலங்குக்காட்சி சாலைதான் 'உயிர்க் காலேஜ்'. மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரியில் கூலியாளாகச் சென்னைக்குப் போன தாத்தா, மூட்டைகளை இறக்கிய பிறகு அந்த உயிர்க் காலேஜுக்குள் நுழைந்து சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "அது ஒரு உறுமு உறுமுச்சுன்னா நம்ம வயித்துல இருக்கற தண்ணி ஆடும்" என்பது அவர் வாக்கு.

அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் என் அப்பா. ஐம்பத்திரண்டு வயதாகியும் சிங்கத்தைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுகள்தாம். அவற்றிலும் பாதி வாரத்துக்கு வளர்ப்பவை. குட்டி போட்டால் ஆளுக்குப் பாதி. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வண்டலூர்ப் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி இரண்டு இறந்துபோயின என்று செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மனுசனுக்கு வந்தது அதுக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மிச்சமிருக்கும் சிங்கங்களை உங்களுக்குக் காட்டுகிறேன் என்று அன்றே வாக்குக் கொடுத்தேன். நான் விலங்கியலில் சேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், நான் கேட்ட கணினி அறிவியலில் இடம் கிடைக்கவில்லை.

வாக்கை நிறைவேற்ற நான்கு ஆண்டுகள் ஆயின. 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் வந்த ஆயிரம் ரூபாயில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து 1,400 ரூபாய் சேர்த்தேன். 2025 பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். பகலில் சிங்கம், இரவில் குளுகுளு வசதியுள்ள ஓட்டலில் பிரியாணி. இதுதான் என் திட்டம். அம்மா வரவில்லை. ஆடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாதல்லவா?

திண்டிவனத்தில் பேருந்து ஏறியதும் என் விரிவுரை தொடங்கிற்று. இந்தப் பூங்கா 1855ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபோர் என்பவரின் முயற்சி அது. பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985இல் வண்டலூருக்கு வந்து அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 602 ஹெக்டேர். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிங்கம் எத்தினி இருக்குது?" என்றார். அதை மட்டும் நான் படித்து வைத்திருக்கவில்லை.

கிளாம்பாக்கத்தில் இறங்கி, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை ஒரு மரத்தடியில் உண்டுவிட்டு உள்ளே நுழையும்போது மணி பன்னிரண்டரை. விலங்குகளைப் பார்க்க அதைவிடப் பொருத்தமில்லாத நேரம் வேறில்லை. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரையிலும் ஓய்விலேயே கழிக்கும் என்று முதலாண்டிலேயே படித்தவள் நான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். புறப்படும் நேரத்தைக் குறித்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

சிங்க உலா வண்டிக்குச் சீட்டு வாங்க நீண்ட வரிசை நின்றது. "முதலில் மற்றதைப் பார்ப்போம், சாயங்காலம் கூட்டம் குறையும்" என்று படித்தவளுக்குரிய தோரணையோடு முடிவு சொன்னேன். பேட்டரி வண்டியில் போகலாம் என்றதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. "ஆட்டுக்குப் பின்னாடி தெனம் நடக்கறவன் நான். நடக்கறதுக்குமா காசு?" என்றார். நடந்தோம். வெயில் தலையைப் பிளந்தது. நீர்யானை இரண்டு காதுகளையும் மூக்குத் துளைகளையும் மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தது. புலியின் இருப்பிடத்தில் மூங்கில் நிழலில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. அது வாலா, சருகா என்று எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் பந்தயமே கட்டியது. முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. "சிமிட்டியில செஞ்சு வச்சிருக்காங்களா?" என்று அப்பா கேட்டார். உடல் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ள அது அப்படித்தான் வாயைத் திறந்து வைத்திருக்கும் என்று விளக்கினேன். ஒவ்வொரு பலகையிலும் இருந்த விலங்கியல் பெயரையும் உரக்கப் படித்தேன். "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எழுந்து வருமா பாப்பா?" என்றார். அவர் கேலி செய்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

நீலமான்களிடம்தான் அப்பா நின்றார். மற்ற இடங்களில் இரண்டு நிமிடம். இங்கே அரை மணி நேரம். கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் அசை போடுது. வயிறு நெறஞ்சிருக்கு. ஒண்ணுக்கும் நோவில்ல" என்று கால்நடை மருத்துவர் போலத் தீர்ப்புச் சொன்னார். பிறகு, "இது மாடும் இல்ல, மானும் இல்ல. ஆட்டுத் தாடி வேற வச்சிருக்குது. ஒட்டகம் மாதிரி முதுகு வேற சரியுது. இன்னா ஜென்மம் இது?" என்றார். நான் அவசரமாக, "இது நீலமான் அப்பா, வாங்க, சிங்கத்துக்கு நேரமாகுது" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அதன் விலங்கியல் பெயர் போசிலாபஸ் டிராகோகேமிலஸ். மாடு, மான், ஆடு, ஒட்டகம் என்னும் நான்கையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. பெயர் வைத்த அறிஞரும் எங்கள் அப்பாவைப் போலத்தான் விழித்திருக்க வேண்டும். இதை அங்கேயே அவரிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! பலகையில் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தவளே நான்தான். ஆனாலும் எனக்கு அது உறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது உலா வண்டிக்கு அன்றைய சீட்டு முடிந்துவிட்டது. பார்வைக்கு விட்டிருந்த சிங்கத்தையாவது பார்ப்போமென்று ஓடினோம். ஓட்டத்தில் அப்பாவின் செருப்பு வார் அறுந்தது. என் துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றி அதை மாட்டிவிட்டேன். தூரத்துப் புதருக்குப் பின்னால் மண்நிறத்தில் ஒரு மேடு தெரிந்தது. "அதுதான் சிங்கம்" என்றார்கள். அது ஏறி இறங்குவதைக் கொண்டு மூச்சு விடுகிறது என்று அறிந்தோம். மூடும் மணி அடிக்கும்வரை நின்றோம். அது திரும்பிப் படுக்கவுமில்லை. "தூங்கட்டும், விடு. எழுப்பினா பாவம்" என்றார் அப்பா.

பகல்தான் போயிற்று, இரவையாவது காப்பாற்ற வேண்டுமென்று எனக்கு ஒரு வெறி பிறந்தது. நெடுஞ்சாலையோரம் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஓட்டல் ஒன்றுக்குள் அப்பாவை அழைத்துப் போனேன். உள்ளே குளிர்ச்சி. பரிமாறுபவர் மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதைத் திறக்கப் போனார். அப்பா உரத்த குரலில், "இது காசுக்கா? சும்மா குடிக்கற தண்ணி இல்லியா?" என்று கேட்டார். காட்டில் ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பக்கத்து மேசையில் என் வயதுப் பெண்கள் நால்வர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி ஊக்குக் குத்திய செருப்பையும் பார்த்தாள். பார்த்ததாக எனக்குத் தோன்றிற்று.

"அப்பா, கொஞ்சம் பேசாம இருங்க. மானத்தை வாங்காதீங்க" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் செய்கையை நான் அறிவேன். வாரத்துக்கு ஆடு கொடுத்தவர் வீட்டு வாசலில் கணக்குச் சொல்லப் போகும்போது அப்பா அப்படித்தான் துண்டைத் தோளிலிருந்து எடுப்பார். சிறுமியாக இருந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் எடுக்கிறீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறேன். நான் படிப்பதே இதற்காகத்தான் என்று ஒருநாள் அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

விலைப்பட்டியல் என் கண்ணில் சரியாகப் படவில்லை. பட்ட வரைக்கும் எங்களுக்குக் கட்டாது. திரும்பும் பயணத்துக்கு 250 ரூபாயை ஒதுக்கியது போக என்னிடம் 310 ரூபாய்தான் இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பரிமாறுபவரிடம் பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். அடுத்த கடையில் பிரியாணி தீர்ந்துவிட்டது. மூன்றாவதில் பரோட்டா மட்டும். அப்பாவுக்கு மைதா ஒத்துக்கொள்ளாது. "சாப்பாடு" என்று எழுதியிருந்த நான்காவது கடை பகலில் மட்டும் திறப்பது. இதற்குள் என் பொய் உண்மையாகிவிட்டது. திண்டிவனத்தில் எங்கள் ஊருக்கான கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் உடனே ஏறியாக வேண்டும்.

பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடையில் இரண்டு தேநீர், இரண்டு பன். நான் பணத்தை எடுப்பதற்குள் அப்பா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். உள்ளே இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் மடிந்திருந்தன. கிடாய் விற்ற பணம்.

"இருந்ததா? முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?" என்றேன்.

"நீ கூட்டிக்கினு வந்திருக்க. நடுவுல நான் காசை எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

பேருந்தில் நீலமானின் பெயருக்குப் பொருள் சொன்னேன். சிரித்தார். "அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார். மற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. துண்டு திண்டிவனம் வரும்வரை மடியிலேயே இருந்தது.

வீடு சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அம்மா விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"சிங்கத்தைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? ஒரு உறுமு உறுமுச்சு பாரு, வயித்துல இருந்த தண்ணி ஆடிப்போச்சு" என்றார் அப்பா.

"ராத்திரிக்கு இன்னா சாப்பிட்டீங்க?"

"பிரியாணிதான். ஏசி ஓட்டல்ல. பாப்பாதான் வாங்கிக் குடுத்துச்சு."

நான் கால் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். தொட்டியருகே நிற்கும்போது அப்பாவின் குரல் கேட்டது. "பழையது இருந்தா ரெண்டு கை போடேன். பஸ்ஸு குலுக்கின குலுக்கல்ல சாப்பிட்டதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல."

உள்ளே வந்தேன். அம்மா இரண்டு தட்டுகள் எடுத்து வைத்திருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே அப்பாவின் பக்கம் திரும்பி, "அது உறுமினப்ப இங்க ஆடுங்கல்லாம் ஒரே கத்தல். கேட்டுச்சு போல" என்றாள்.