அதிர்வும் அப்பத்தாவும்

மெஷின் அதிர்ந்தால் போல்ட்டை இறுக்கு, அடியில் ரப்பர் வை என்றுதான் நாம் படிக்கிறோம். அதிரும் பலகையில் முதியோரை நிறுத்தினால் காலுக்குப் பலம் என்று விற்கிறார்களே! எங்க அப்பத்தாவுக்கும் அதில் ஆசை. "அடுத்தவுக கையைப் பிடிக்காம எந்திரிக்கணும்யா, அது போதும்" என்றது.

கணக்குப் போட்டேன். 30 ஹெர்ட்ஸ், 2 மில்லிமீட்டர் வீச்சு என்றால் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 7 மடங்கு! முழங்காலை லேசாக மடக்கி நின்றால் அதிர்வைக் கால் தசை வாங்கிக்கொள்ளும். விறைத்து நின்றால் தலைவரை ஏறும். அதிர்வில் தசை தானாகச் சுருங்குவதுதான் இதிலுள்ள பயிற்சி. ஆனால் சாதாரண உடற்பயிற்சியைவிட இது மேல் என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை.

நாற்காலியில் கையூன்றாமல் 5 தடவை எழுந்து உட்காருவது, முதியோரின் கால் பலத்துக்கு டாக்டர்கள் வைக்கும் பரீட்சை. அந்தப் பரீட்சையையே பயிற்சியாக்கிவிட்டோம். அப்பத்தா இப்போது 3 வரை வந்துவிட்டது!