வெள்ளம் விட்ட கோடு

ஜூன் திரு இருதய மாதமாகையால், உறையூரில் வீடு சந்தித்து வந்தேன். ஓரில்லத்தில் திரு இருதயப் படத்தின் கண்ணாடி விரிசல் கண்டிருந்தது. அவ்வீட்டுப் பாட்டியையும் அழைத்துக்கொண்டு, கண்ணாடி போடும் கடைக்குப் படத்தை எடுத்துச் சென்றேன்.

சட்டத்தைப் பிரித்ததும், அடிப்பாகத்தில் இரண்டங்குல உயரத்திற்குப் பழுப்புக் கறை தெரிந்தது. 1977 நவம்பரில் திருச்சி நகருக்குள் புகுந்த வெள்ளம் விட்ட கோடு அது.

"இரண்டங்குலம் வெட்டிவிட்டால் கறையே தெரியாது, சாமி" என்றார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பாட்டி படத்தின்மேல் கையை வைத்தார். "அதிலேதான் சாமி, எம் பிள்ளைங்க இருக்காங்க."

உற்று நோக்கினேன். சுருட்டுத் தொழிலாளியாயிருந்த அவர் கணவர், மக்கள் ஐவரின் பெயரையும் ஞானஸ்நான நாளையும் அந்த ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். மையாயிருந்தால் அன்றே கரைந்திருக்கும். பென்சிலின் கரி நீரில் கரைவதில்லை. மூன்றாவது பெயர் எட்டாம் மாதத்தில் இறந்த பெண் குழந்தையுடையது. அதற்குப் புகைப்படம் கிடையாது. பங்குப் பதிவேட்டில் பெயர் இருக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன். பதிவேட்டில் இருப்பது ஒரு குருவின் கையெழுத்து, தகப்பனின் கையெழுத்தன்று. அடங்கினேன்.

சலவைத் தூள் கரைத்துத் துடைக்கலாம் என்றார் அருகிலிருந்த ஒருவர். குருமடத்தில் கண்ணாடி போடக் கற்பிக்கவில்லை. ஆயினும் பழைய பதிவேடுகளைப் பேணி வந்ததால் காகிதத்தைப் பற்றிச் சிறிது அறிவேன். காகிதத்தினூடே பரவும் நீர், அதிலுள்ள அழுக்கைக் கரைத்துச் சுமந்துபோய், உலரும் எல்லையில் இறக்கிவிடுகிறது. மீண்டும் நனைத்தால் இன்னொரு கோடு விழும். சலவைத் தூளோ அச்சுச் சாயத்தையும் வெளுத்து, காகிதத்தையும் நொய்யச் செய்துவிடும்.

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ நதி பெருகியபோது, சாந்தா குரோச்சே ஆலயத்தைச் சார்ந்த, 13ஆம் நூற்றாண்டில் சிமாபுவே தீட்டிய பாடுபட்ட ஆண்டவரின் சிலுவைச் சித்திரம் தன் வண்ணத்தில் பெரும்பகுதியை இழந்தது. பத்தாண்டு உழைத்துச் செப்பனிட்டோர், இழந்த பாகங்களைக் கற்பனையால் தீட்டவில்லை. மெல்லிய வண்ணக் கோடுகளால் நிரப்பி, இழப்பு இழப்பாகவே தெரியும்படி விட்டனர். இதைச் சொன்னேன். கடைக்காரர் அரை மனத்தோடு இசைந்தார்.

மென்மையான தூரிகையால் தூசி தட்டினோம். காகிதத்தை ஒட்டிக் கிடந்து அதைப் பழுப்பாக்கியிருந்த பழைய பின்பலகையை அகற்றினோம். அமிலமற்ற அட்டை அவரிடம் இல்லை. சென்னையிலிருந்து தருவிக்க ஒரு வாரமாயிற்று. கண்ணாடி படத்தைத் தொட்டால் மழைக்காலத்து ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளுமாதலால், இடையே மவுண்ட் அட்டை வைத்தோம். அதன் சாளரத்தைப் பெயர்கள் முழுதும் தெரியுமாறு பெரிதாக வெட்டினார். செலோடேப்பு நாளடைவில் தானே கறையாகிவிடும். எனவே மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய தாள் துண்டுகளை மாவுப் பசையிட்டுப் பிடித்தோம்.

படம் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. அன்று மாலை செபத்துக்கு வந்த, அறுபதைக் கடந்த மூத்த மகன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கறைக்குள் தம் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.