ஆறட்டும், அவசரம் வேண்டாம்!

அந்தப் பையனுக்கு 19 வயது. சோளக்காடு சந்தைக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் பைப் வேலை கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், கையோடு பசை டப்பாவும் கொண்டுபோனான். மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"தம்பி, அது பிவிசி பைப்புக்கு. இந்தக் கறுப்பு ஹெச்டிபிஇ பைப்பு எந்தப் பசைக்கும் ஒட்டாது. சூட்டுக்குத்தான் மசியும்."

70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து இறங்கிய பைப்புகள் அவை. முதல் இரண்டு வாரமும் துண்டுப் பைப்புகளில்தான் பயிற்சி. இரண்டு முனைகளையும் மெஷினில் எதிரெதிரே கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். சுழலும் கத்தியால் முகத்தைச் சீவ வேண்டும். துண்டு துண்டாக விழாமல், ரிப்பன் மாதிரி சுருள் முழுசாக வந்தால்தான் முகம் சமம் என்று அர்த்தம். சீவிய இடத்தில் விரல் படக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே போதும், ஒட்டு கெட்டுவிடும்.

பிறகு ஹீட்டர் தட்டு. சூடு 200 முதல் 220 டிகிரி. இரண்டு முனைகளையும் தட்டில் அழுத்தினால், ஓரத்தில் மெல்லிய வளையம் உருண்டு வரும். உடனே அழுத்தத்தைக் குறைத்து, சூடு உள்ளே இறங்கவிட வேண்டும். பைப்புச் சுவரின் கனம் 1 மில்லிமீட்டருக்குச் சுமார் 10 விநாடி கணக்கு. அப்புறம் தட்டை உருவி, ஐந்தாறு விநாடிக்குள் இரண்டையும் சேர்த்து அழுத்தியாக வேண்டும். கொல்லிமலையின் குளிர்காற்று பைப்புக்குள் புகுந்து சூட்டைக் குறைத்துவிடும் என்பதால், மறுமுனைகளைச் சாக்கால் அடைக்கவும் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தார்.

எல்லாம் அவனுக்கு வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. ஒட்டிய பிறகு அழுத்தத்தைத் தளர்த்தாமல், பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை.

அவனுடைய ஊருக்கே லைன் இழுக்கும் வேலை வந்தது. மேலே தொட்டி, 40 மீட்டர் கீழே வீடுகள். அதுவரை அவன் அம்மா தினமும் குடத்தோடு ஓடைக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். கடைசி ஜாயின்ட் போடும்போது பொழுது சாய்ந்து பனிமூட்டம் கவிந்தது. மேஸ்திரி ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருந்தார். நாளைக்கே அம்மா வாசலில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில், ஒட்டிய இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, கிளாம்ப்பைக் கழற்றிவிட்டான்.

பார்க்க ஜாயின்ட் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் வால்வைத் திறந்ததும், சரியாக அதே இடத்தில் பிளந்துகொண்டது. தண்ணீரெல்லாம் மிளகுக்கொடிக்குள் பாய்ந்தது. குழாயடிக்கு வந்த அம்மா ஒன்றும் பேசாமல், காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடைக்கு இறங்கினார்.

மேஸ்திரி திட்டவில்லை. "10 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ அழுத்தம். இங்கே 4 கிலோ நிக்குது. வெளியே சட்டுனு இறுகி, உள்ளே சூடு அடங்காம இருந்தா, அந்த இடம் இழுவையிலேயே நிக்கும். அது எப்படித் தாங்கும்? தானா ஆறினாத்தான் ரெண்டும் ஒண்ணாகும்" என்றார்.

கெட்ட ஒட்டை வெட்டி எறிந்து, பையன் முதலிலிருந்து ஆரம்பித்தான். சீவினான், சூடேற்றினான், சேர்த்தான். பைப்பின் மேல் வெள்ளை மார்க்கரால் '5.10' என்று எழுதினான்.

"இது என்ன சாமி கணக்கு?" என்று கேட்டார் அம்மா.

"அஞ்சு பத்து வரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாதும்மா."

அம்மா குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் வந்த ஆட்டுக்குட்டியை விரட்டினார். எட்டிப் பார்த்த பிள்ளைகளையும் விரட்டினார். ஐந்து மணிக்கு மகனே கிளாம்ப் பக்கம் கையைக் கொண்டுபோனபோது, அவன் கையையும் தட்டிவிட்டார்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்குல்ல? ஆறட்டும் சாமி. இத்தனை வருசம் நடந்தவளுக்கு இது பெருசா?"