நாங்கள் வாங்கிய காமிரா

கண்டதை அழியாமல் நிலைநிறுத்தி வைக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குத் தொன்றுதொட்டே இருந்து வருகிறது. பாறையில் தீட்டியதும், கல்லில் செதுக்கியதும், சுவரில் எழுதியதும் அந்த ஆசையினால்தான். ஓவியனும் சிற்பியும் நெடுங்காலம் செய்து வந்த இப்பணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காமிரா பகிர்ந்துகொண்டது. பின்னர் பிலிம் சுருளும் மெல்ல விடைபெற்றது.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இரு அறிஞர்கள் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேமிக்கும் சில்லு ஒன்றை வடிவமைத்தார்கள். அதற்காக 2009-ஆம் ஆண்டில் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய சில்லு ஒன்றைக் கொண்டு 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அந்தப் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள் மட்டுமே. இன்று அம்மா கடைக்கு எடுத்துச் செல்லும் கைபேசிகூட ஒரு படத்தில் கோடிக்கணக்கான புள்ளிகளைப் பதிகிறது. விஞ்ஞானத்தின் விந்தையை என்னென்பது!

"அப்படியானால் கைபேசியே போதுமே, தனியாக ஒரு காமிரா எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்களையும் பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட விடையே இக்கட்டுரை.

எங்கள் பள்ளியின் நிழற்படக் குழுவில் நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். பள்ளிச் சந்தையில் மக்ரூனும் சுண்டலும் விற்றோம்; பழைய நோட்டுகளைச் சேர்த்து எடைக்குப் போட்டோம்; முன்னாள் மாணவியரான அக்காமார் சிலரும் உதவினார்கள். இவ்வாறு ஓராண்டில் ரூ. 30,000 சேர்ந்தது. பணம் சேரும்வரை ஒற்றுமையாக இருந்த நாங்கள், சேர்ந்த பின்பு ஆளுக்கொரு திசையில் இழுத்தோம். ஒருத்திக்கு நெடுந்தொலைவு பார்க்கும் ஜூம் காமிரா வேண்டும். உப்பளத்துக்கு வரும் பூநாரைகளை அவள் எடுக்க வேண்டுமாம். இன்னொருத்திக்கு வீடியோ வேண்டும். மூன்றாமவளுக்கோ எத்தனை மெகாபிக்சல் என்பது ஒன்றே கணக்கு.

எங்கள் பொறுப்பாசிரியையான அருட்சகோதரி இந்த வழக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் காமிரா என்று அப்புறம் பார்க்கலாம் பிள்ளைகளா. முதலில் எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?" என்றார்.

வகுப்பறை அமைதியாகிவிட்டது. சற்று நேரம் கழித்து ஒருத்தி, "எங்க அம்மாவை எடுக்கணும், சிஸ்டர்" என்றாள்.

அவளுடைய தாயார் உப்பளத் தொழிலாளி. எங்களுள் இன்னும் இருவரின் தாய்மாரும் அதே வேலைதான் செய்கிறார்கள். இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு எங்கள் தூத்துக்குடிக்கு. ஆயினும் கடையில் பொட்டலத்தைக் காணும் நாம், அதை வாரி எடுத்த கையைக் காண்பதில்லை. ஆண்டு விழாவில் 'உழைக்கும் அன்னையர்' என்ற தலைப்பில் ஒரு நிழற்படக் கண்காட்சி வைப்பது என்று அன்றே முடிவாயிற்று.

வீட்டிலிருந்த கைபேசிகளால் முதலில் முயன்று பார்த்தோம். அப்போதுதான் சிக்கல் விளங்கியது. உப்பளம் என்பது வெண்மைக் கடல். பாத்தியில் வெண்மை, அம்பாரத்தில் வெண்மை, மேலே கண் கூசும் வானம். நடுவில் வெயிலில் கறுத்த ஒரு முகம், தலையில் கட்டிய துணியின் நிழலில். சில படங்களில் உப்பு அழகாக விழுந்தது. அம்மாவின் முகம் கரித்துண்டாக இருந்தது. வேறு சிலவற்றில் கைபேசி தானாகவே முகத்தை வெளுத்து, சுருக்கங்களைத் தேய்த்து, யாரோ ஒரு பெண்ணை அங்கே நிறுத்தி வைத்திருந்தது.

இதன் காரணத்தை எங்கள் இயற்பியல் ஆசிரியை விளக்கினார். காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே இருப்பது உப்பா, முகமா என்று அறியாது. எல்லாவற்றையும் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். எதிரே வெண்மை மிகுந்திருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். அதனால் வெள்ளை உப்பு சாம்பலாகும். கறுத்த முகம் இருளில் மூழ்கும். நம் அருட்சகோதரியரின் வெள்ளுடைக்கு அருகில் நிற்கும்போது குழுப்படங்களில் நம்முடைய முகங்கள் தெளியாமற் போவதற்கும் இதுவே காரணம்.

முகத்தை வெளுக்கச் செய்வதோ வேறு கதை. அது கருவியின் அறியாமையால் வருவதன்று. மனிதர் அதற்குக் கற்றுக் கொடுத்த பாடம். பிலிம் காலத்தில், படங்களின் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர் பெற்ற அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பல பத்தாண்டுகள் உலகம் நடந்தது. கறுத்த முகங்கள் எப்படி வருகின்றன என்று அந்த அட்டை கேட்கவே இல்லை. வேறு நிறத்தவரையும் சேர்த்த அட்டைகள் பிற்பாடே வந்தன. 2021-இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் கைபேசியில் எல்லா நிறத்தோரையும் உள்ளபடி காட்ட 'ரியல் டோன்' என்ற ஏற்பாட்டைச் செய்தது என்றால், அதுவரை குறை இருந்தது என்றுதானே பொருள்?

எனவே எங்களுக்கு வேண்டிய காமிராவுக்கு ஓர் இலக்கணம் பிறந்தது. வெண்மை மிகுந்த இடத்திலும் கறுத்த முகத்தை அது உள்ளபடி காட்ட வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பின்புதான்.

இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தபோது மெகாபிக்சல் மோகம் முதலில் உதிர்ந்தது. ஏ4 தாளின் முழுப்பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் போதும். அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. இன்று கடையில் கிடைக்கும் எந்தக் காமிராவும் அதைத் தாண்டிவிட்டது. பிறகு எதற்கு அந்தப் போட்டி?

அதைவிட முக்கியமானது உணரியின் பரப்பு. உணரி என்பது பிலிமுக்குப் பதிலாக உள்ளே ஒளியை வாங்கும் சில்லு. பழைய பிலிம் கட்டத்தின் அளவான 36க்கு 24 மில்லிமீட்டர் உணரியை 'ஃபுல் பிரேம்' என்கிறார்கள். விலை எங்களுக்கு எட்டாது. அடுத்த அளவு 'ஏபிஎஸ்-சி'. நிக்கான், சோனி காமிராக்களில் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். நெடுந்தொலைவு ஜூம் காமிராக்கள் பலவற்றில் உள்ள உணரியோ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏபிஎஸ்-சி அதைப்போல் பதின்மூன்று மடங்கு பெரியது. பெரிய முற்றத்தில் மழைநீர் அதிகம் சேர்வதுபோலப் பெரிய உணரியில் ஒளி அதிகம் சேரும். ஒரே படத்தில் வெளிச்சமும் நிழலும் இரண்டும் தாங்கும். பூநாரைத் தோழி பெருமூச்சு விட்டாள், ஆனால் ஒப்புக்கொண்டாள்.

அடுத்தது லென்ஸ். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 லென்ஸ் பழகுவதற்கு நல்லது. ஆனால் 55-இல் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறவாது. எஃப் 1.8 வரை திறக்கும் 35 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். உப்பளத்தில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. பனிமய மாதா திருவிழாவில் ஆகஸ்டு 5-ஆம் நாள் மாலை ஊர்வலத்தையும் நாங்கள் எடுக்க வேண்டும். மங்கிய ஒளியில் கைகொடுப்பது இந்த லென்ஸ்தான்.

புதிய மிரர்லெஸ் காமிராக்களையும் பார்க்காமல் விடவில்லை. படம் எப்படி விழும் என்பதை எடுக்குமுன்பே பார்வைத் துளையில் காட்டும் அவை, கற்றுக்கொள்பவர்க்குப் பேருதவி. ஆனால் ஒன்றை வாங்கினால் நல்ல லென்ஸ் வாங்கப் பணம் மிஞ்சாது. விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே வேண்டும்! ஆகவே முன்பே ஒருவர் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்றைத் தேடினோம்.

முதலில் சென்ற கடையில் விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும் ஒரு சிறிய காமிராவை எடுத்து வைத்து, "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது போதும் பாப்பா" என்றார். எங்களுள் ஒருத்தியைப் படம் எடுத்துக் காட்டி, "முகம் எவ்வளவு பளிச்சென்று இருக்கு பாருங்க!" என்று மகிழ்ந்தார். அவள் படத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லா இருக்கு அண்ணாச்சி. ஆனா இது நானில்லையே" என்றாள். அவள் அந்தச் சொல்லைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் மனத்தில் தைத்தது. நாங்கள் நன்றி கூறி வெளியே வந்தோம்.

இரண்டாவது கடையில் எங்கள் சோதனையை நாங்களே நடத்தினோம். வெள்ளைச் சீருடை அணிந்த ஒருத்தியைக் கடை வாசலில் வெயில் பின்னால் இருக்க நிறுத்தி, ஒவ்வொரு காமிராவிலும் ஒரே மாதிரிப் படம் எடுத்தோம். திரையில் பெரிதாக்கி முகத்தை மட்டும் ஒப்பிட்டோம். இறுதியில் 2016-இல் வெளிவந்து இப்போது தயாரிக்கப்படாத நிக்கான் டி3400 தேர்வு பெற்றது. 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி உணரி, எங்கள் கைக்கு அடங்கும் எடை.

பழைய காமிரா வாங்குவோர் ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று பாருங்கள். நிக்கான் காமிராவில் எடுத்த படத்தின் உட்குறிப்பிலேயே அந்த எண் இருக்கும். எங்கள் காமிராவில் 14,000-க்குச் சற்று மேல். இன்னும் நெடுங்காலம் உழைக்கும். லென்ஸின் ஒருபுறம் டார்ச் விளக்கை அடித்து மறுபுறம் பாருங்கள். சிலந்தி நூல்போலத் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். துவாரத்தை எஃப் 16-இல் வைத்து வெள்ளைத் தாளைப் படம் எடுத்தால், உணரியில் உள்ள தூசி கரும்புள்ளியாகத் தெரியும். பாட்டரி அறையைத் திறந்து துரு உண்டா என்று நோக்குங்கள். இன்னொன்று: டி3400-இன் உடலில் லென்ஸை முடுக்கும் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'டி' வகை லென்ஸை வாங்கினால் தானாகக் குவியாது. 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

காமிராவும் 18-55 லென்ஸும் ரூ. 19,500, 35 மில்லிமீட்டர் லென்ஸ் ரூ. 8,500, நினைவட்டையும் பையும் ரூ. 1,500. மீதி ரூ. 500. அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வாங்கி, காற்றுப் புகாத டப்பா ஒன்றில் காமிராவோடு வைத்தோம். உப்புக்காற்றில் லென்ஸை மாற்றுவதில்லை. வீடு திரும்பியதும் துணியால் துடைப்பது என்பது எங்கள் விதி.

விடியற்காலையில் அருட்சகோதரியுடன் உப்பளம் சென்றோம். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானைக் கூட்டல் 1-க்குத் தள்ளினோம். படங்களை 'ரா' முறையில் பதிந்தோம். சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். டி3400-இன் ரா பதிவில் 4,096 படிகள். நிழலில் மறைந்திருக்கும் கண்ணையும் கன்னத்தையும் பின்னர் மெல்ல வெளிக்கொணர அது இடம் தருகிறது. அழகூட்டும் வேலை எதுவும் செய்யவில்லை.

ஆண்டு விழா அன்று அந்தத் தோழியின் தாயார் வேலையிலிருந்து நேரே வந்தார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் மாட்டியிருந்த தம் படத்தின்முன் வெகுநேரம் நின்றார். நெற்றிச் சுருக்கம், உப்பு பூத்த புருவம், வெயில் சுட்ட கன்னம், எல்லாம் அதில் இருந்தன. "எப்படிம்மா இருக்கு?" என்று மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எம் மூஞ்சி மாதிரியே இருக்கு" என்றார் அவர். பிறகு அருகில் நின்றவர்களிடமெல்லாம், "இது நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அன்புத் தோழியரே! காமிரா வாங்க எண்ணுவோர் விளம்பரத்தைப் பார்க்குமுன் தம் மனத்தைப் பார்க்கட்டும். யாரை, எதை, எந்த ஒளியில் எடுக்கப் போகிறோம் என்று தெளிந்தால், பாதி விலை குறைந்துவிடும். உடலுக்குக் கொடுப்பதைக் குறைத்து லென்ஸுக்குக் கொடுங்கள். கடையில் வெறும் சுவரை எடுத்துப் பார்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டியவரின் முகத்தை எடுத்துப் பாருங்கள். இறைவன் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தைத் தேர்ந்தே தந்திருக்கிறார். அதைத் திருத்தும் உரிமையைக் கருவிக்குக் கொடாதிருப்போமாக.

— நிழற்படக் குழு மாணவியர், பதினோராம் வகுப்பு